வாசர் பார்த்த மாப்பிள்ளை வீடு

குழாய் சொட்டும் சத்தத்தை வைத்தே அது எந்த வீடு, எந்த மாடி, குளியலறையா சமையலறையா, கடைசியாக அதில் கை வைத்த பிளம்பர் யார் என்பது வரை சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் நாமக்கல்லில் இருக்கிறார். அவர் வீட்டு மாடியில் ஏழு வருடமாகக் குடியிருப்பவள் என்ற முறையில் இதை நான் எந்தச் சபையிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தெருவுக்கு அவர் 'வாசர்'. குழாய்க்குள்ளே போடுகிற சின்ன ரப்பர் வில்லை இருக்கிறதே, அந்த வாசர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், மூக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் பையில் அரை இஞ்ச் வாசர் ஆறு, முக்கால் இஞ்ச் வாசர் நான்கு, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு சுருள். இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் ஒரு ஸ்பேனர். அந்த ஸ்பேனரோடுதான் கோயிலுக்கும் போவார்.

நான் ஆத்தூர்க்காரி. பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்து நாமக்கல் வந்தபோது, திருச்செங்கோடு சாலைக்குப் பின்னால், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் டமால் டமாலுக்கு நடுவே இந்த வீட்டைப் பார்த்தோம். வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள் ஊர் கேட்பார்கள், வேலை கேட்பார்கள், கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். வாசர் என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, பல்லு வெளக்கறப்ப குழாயத் தொறந்து உட்டுட்டு வெளக்குவீங்களா, மூடிட்டு வெளக்குவீங்களா?"

என் கணவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்த லாரிகளைப் பார்த்து அறிக்கை எழுதுபவர். பொய் சொல்ல வராது. "அதை நான் யோசிச்சதில்லையே" என்றார்.

"ஒரு வாரம் டயம் எடுத்துக்கங்க. நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அந்த ஒரு வாரமும் லாட்ஜ் அறையில் என் கணவர் குழாயை மூடிப் பல் விளக்கிப் பயிற்சி எடுத்தார். அடுத்த ஞாயிறு போய் "மூடிட்டுத்தாங்க" என்றதும் சாவி கைக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு வெற்றிக் களையை நான் பார்க்கவில்லை.

குடிபோன பிறகுதான் அவருடைய முழு உருவம் தெரிந்தது. பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "மூணாவது ஊடு. மாடி. கிச்சன்" என்பார். எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா, சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொண்டிருக்க, இவர் நடுவில் புகுந்து சிங்க்கடியில் குனிந்து வாசர் மாற்றிவிட்டு, "நீங்க பேசுங்க, நா வாரேன்" என்று வந்துவிடுவார்.

ஒரு துக்க வீட்டில் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். மாலையோடு போனவர் மாலையைப் போட்ட கையோடு காணாமல் போனார். இறந்தவரின் மகன் கொல்லைப்பக்கம் முகம் கழுவப் போனபோது இவர் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா காலத்துல இருந்தே இது ஒழுகுதுங்க" என்று கட்டிக்கொண்டு அழுதான். வாசரும் அழுதார். "உங்கப்பா நெம்பத் தங்கமான மனுசனுங்க. என்ன, வாசர் மட்டும் மாத்தாமயே போய்ச் சேந்துட்டாரு."

தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் எல்லோரும் ரோஜாப்பூவும் முருகன் படமும் போட்டு வணக்கம் சொல்வார்கள். இவர் ஒழுகும் குழாயைப் படம் எடுத்துப் போட்டு, கதவு எண்ணையும் எழுதி, கீழே 'காலை வணக்கம்' என்று போடுவார். முதல் மாதம் மூன்று பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

இதையெல்லாம்விட உச்சம், பழைய தண்ணீர் வண்டி. எங்கள் தெருவில் குடிக்கக் காவிரித் தண்ணீர், துவைக்கக் குளிக்க போர் தண்ணீர். முன்னதை நல்ல தண்ணி என்பார்கள், பின்னதை உப்புத் தண்ணி. நல்ல தண்ணி நான்கு நாளைக்கொருமுறை, சில சமயம் ஒரு வாரத்துக்கொருமுறை வரும். வருகிற அன்று காலையில் ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாகச் சாக்கடையில் கொட்டுவார்கள். கேட்டால் "அது பழைய தண்ணிங்க" என்பார்கள். நேற்று ராத்திரி வரை அதே தண்ணீரைத்தான் அளந்து அளந்து குடித்தார்கள். குழாயில் புதுத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் அது பழையதாகிவிடும். குற்றம் சொல்ல வரவில்லை. நானும் கொட்டியிருக்கிறேன்.

வாசர் ஒரு தள்ளுவண்டி பிடித்தார். அதில் நான்கு டிரம். ஈயம் பித்தளைக்காரர் வண்டியில் கட்டியிருப்பது போல ஒரு ஒலிபெருக்கி. தண்ணீர் வருகிற அன்று விடிந்ததும் தெருவில் அவருடைய குரல் கேட்கும். "பழைய தண்ணீய்ய்… பழைய தண்ணீய்ய்… நாலு நாள் தண்ணி, அஞ்சு நாள் தண்ணி, ஊத்தாதீங்க, கொண்டாங்க…" பெண்கள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கி வந்து அவர் டிரம்மில் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் பட்டறைகளுக்குப் போகும். வெல்டிங் செய்கிற ஆட்கள் மத்தியானம் வரை அதைத்தான் குடிப்பார்கள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ஆறு மாதத்தில் தெருவில் யாரும் பழைய தண்ணீர் கொட்டுவதில்லை என்ற நிலை வந்தது. திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒலிபெருக்கிக்குப் பயந்துதான்.

இந்த மனிதருக்கு ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் இருபத்தைந்து வருடம் ரிக் வண்டியில் போர் போட்டவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவர். கடைசி இரண்டு வருடம் ஆப்பிரிக்கா. எந்த நாடு என்றால், "பேரு வாயில நொழையாதுங்க டீச்சர்" என்பார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பேசினார்.

"ஒரு ஊர்ல மூணு நாள் ஓட்டுனோமுங்க. ஊரே சுத்தி நின்னு பாக்குது. வெறும் புழுதிதான் வந்துது. மொத நாளு ஒரு அம்மா கூப்புட்டுச் சோறு போட்டுச்சுங்க. கை கழுவ ஒரு செம்புத் தண்ணி குடுத்துச்சு. நா நம்மூரு நெனப்புல கை, காலு, மொகம் எல்லாங் கழுவி, வாயும் கொப்புளிச்சுத் துப்பிப்போட்டேன். நிமுந்து பாக்கறேன், ஊடே என்னையப் பாத்துட்டு நிக்குது. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலீங்க. அவிங்க ஊட்டுக்கு அன்னிக்குப் பூராவும் அவ்வளவுதாந் தண்ணி. தண்ணி குடுக்கப் போனவன், இருந்த தண்ணியயும் காலி பண்ணிட்டு வந்துட்டனுங்க."

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் தலையைச் சாய்த்தார். "ரெண்டாவது ஊடு. பாத்ரூம்." எழுந்து போய்விட்டார்.

இப்போது அவர் மகள் தாரணிக்கு வருவோம். தாரணி நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கோழித் தீவனமும் கோழி குடிக்கிற தண்ணீரும் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அழகு, அறிவு, பொறுமை எல்லாம் உண்டு. வாசரோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவளின் பொறுமையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டையும் அவள் அப்பா தண்ணீரில் விட்டார்.

முதல் வரனில் மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டியபடியே பக்கத்தில் இருந்தவரிடம் பேச ஆரம்பித்தார். "மழையே இல்லீங்க. எங்க போர் ரெண்டும் வத்திப் போச்சுங்க. தண்ணிக்கு என்ன பண்றதுன்னே தெரியலீங்க." வாசர் எழுந்து போய்க் குழாயை மூடினார். "ஏன் வத்துச்சுன்னு எனக்கு இப்பத் தெரியுதுங்க" என்றார். அவர்கள் பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது வரன் பேச்சு தொடங்கும் முன்பே போனது. இந்தப் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் 'வாங்க' என்பதே முழுமையாகும். வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வாசலில் கொட்டுவார். அது வாசருக்கு ஆகாது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேருக்கும் ஒன்பது டம்ளரில் பாதிப் பாதி தண்ணீர் வைத்து, "மொதல்ல இதக் குடிங்க. பத்துலீன்னா கேட்டு வாங்கிக்கலாம்" என்றார். அவர்கள் கேட்டு வாங்கவில்லை. அரை டம்ளர் தண்ணீர் கொடுத்த வீடு என்று சேலம் வரைக்கும் பேச்சு போனது. அன்று தாரணி மாடிக்கு வந்து என் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வரன் அவளே கொண்டுவந்தது. பிரபு. சேந்தமங்கலம் தாண்டிக் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பையன். தீவனம் பரிசோதிக்க மாதம் ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தவன், வாரம் ஒருமுறை ஆனான், பிறகு தினமும் ஆனான். அவன் பண்ணையில் கோழிகளுக்கு ஒரு நோயும் இல்லை. அப்பா இல்லாத பையன். அம்மாதான் பண்ணை முழுவதையும் நடத்துகிறார். அந்த அம்மா சிரித்துப் பார்த்தவர்கள் அந்த ஊரில் கிடையாது என்று கேள்வி. அவர் போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "மொதல்ல எங்க ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க. அப்பறம் பேசிக்கலாம்."

கிளம்புகிற அன்று காலை தாரணி அப்பாவை உட்காரவைத்துச் சத்தியம் வாங்கினாள். "அப்பா, அங்க வாயத் தொறக்கக் கூடாதுங்க. குழாயத் தொடக் கூடாதுங்க. ஸ்பேனரு டீச்சர் கிட்ட இருக்கட்டும். இந்த எடமும் போச்சுன்னா எனக்கு வேற எடம் வேண்டாமுங்கப்பா." வாசர் இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார். என் கைப்பையில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டேன். அவரைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது. என் கணவர் காரோட்டி. தாரணியின் அம்மா சரோஜா அக்கா கையில் பூவும் பழமும்.

நல்ல சித்திரை வெயில். வீடு முன்பக்கம், அதற்குப் பின்னால் வரிசையாகக் கோழி ஷெட்டுகள். பிரபுவின் அம்மா ஆளுக்கொரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். வாசர் என்னைப் பார்த்தார், தாரணியைப் பார்த்தார், சொம்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். சரோஜா அக்கா பாதி குடித்து வைத்த சொம்பையும் வாங்கிக் குடித்தார். என் கணவருடையதையும் குடித்தார். "ஏனுங்க, அத்தன தாகமா?" என்று அந்த அம்மா கேட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் வாசர் வேகமாகத் தலையாட்டினார்.

பேச்சு நல்லபடியாகப் போனது. எனக்கே ஆச்சரியம். வாசர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே எங்கோ 'உஸ்' என்று ஒரு சத்தம். வாசரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. நான் முறைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் தாங்கினார். பிறகு, "டீச்சர், அந்தப் பையக் கொஞ்சம் குடுங்க. பிரஷர் மாத்தர எடுக்கோணும்" என்று என் காதோடு முணுமுணுத்தார். பரிதாபமாக இருந்தது. கொடுத்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பாத்ரூம் எங்கே என்று சைகையில் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. வந்தவர் மாத்திரை அட்டையைத் தானே என் பைக்குள் திரும்ப வைத்தார். முகத்தில் அப்படியொரு சாந்தி. அந்த 'உஸ்' சத்தம் நின்றுவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. அத்தனை நல்ல கண்காணிப்பு.

தலைவாழை இலையில் சாப்பாடு போட்டார்கள். பிரபுவின் அம்மா சிரிக்கவில்லை என்றாலும் தாரணிக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றினார். "ஆகட்டுமுங்க. நல்ல நாளாப் பாத்துச் சொல்லி உடறேன்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். காரில் ஏறியதும் சரோஜா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பாதி வழியில், முன் இருக்கையில் இருந்த வாசர் தொண்டையைக் கனைத்தார். "வாயத் தொறக்கலாமுங்களா இப்போ?"

"தொறங்கப்பா" என்று சிரித்தாள் தாரணி.

"பின்னாடி ஒரு லைன்ல ஜாயிண்ட்டு ஒழுகுச்சு சாமி. பீச்சியடிக்குது. நாஞ் சத்தியத்த மீறுலீங்க. குழாயத்தான தொடக் கூடாதுன்னீங்க? இது லைனு. நாலே நிமிசம். வால்வ மூடுனேன், கழட்டுனேன், டேப்பு சுத்துனேன், முறுக்குனேன். சொட்டு ஒழுகாது. அந்த அம்மா 'அங்க என்னங்க பண்றீங்க'ன்னு கொரல் குடுத்துச்சு. ஒண்ணுந் தெரியாத மாதர வந்து உக்காந்துட்டேன்."

நான் அவசரமாகக் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனர் இருந்தது. ஈரமாக இருந்தது.

தாரணி சிரிப்பை நிறுத்தினாள். "எந்த லைனுங்கப்பா? செட்டுக்குப் போறதா?"

"ஆமா. நீலக் குழாயி."

"வால்வத் தொறந்தீங்களா?"

என் கணவர் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார். வாசர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கை கடைசியாக என்ன செய்தது என்று அதனிடமே கேட்பவரைப் போல நெடுநேரம் பார்த்தார்.

"தொறக்கலையாட்ட இருக்குது" என்றார்.

தாரணியின் முகம் வெளுத்தது. அவள் வேலையே அதுதானே, அவளுக்குத் தெரியும். "செட்டுல இருக்கற சின்ன டேங்க் ஒரு மணி நேரந் தாங்குமுங்க. நாம சாப்ட்டுக் கெளம்பி எவ்வளவு நேரமாச்சு? இந்த வெயில்ல தண்ணி இல்லீன்னா கோழி மூச்சு வாங்கியே உழுந்துருமுங்கப்பா. ஆயிரக்கணக்குல இருக்குதுங்க."

சரோஜா அக்கா பதறினார். "வேலையாளுக பாத்துக்குவாங்க. லைன்ல ஏதோ அடைப்புன்னு நெனச்சுப் பாத்துத் தொறந்துருவாங்க. நாம எதுக்குங்க சொல்லிக்கோணும்? நல்லாக் கூடி வந்த காரியம்." நானும் மனத்துக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வாசர் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கண் கலங்கி, கெஞ்சுகிற மாதிரி இருந்தார். "நாஞ் சொல்லிப்போட்டா உன்ற கல்யாணம் போயிருமே சாமி."

தாரணி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பிரபுவின் எண்ணைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள். "சொல்லலீன்னா கோழி போயிருமுங்கப்பா. பேசுங்க."

அவர் பேசினார். "மாப்ள… இல்லீங்க, தம்பி… நா தாரணி அப்பா பேசறனுங்க. செட்டு லைன் வால்வ மூடிட்டுத் தொறக்காம வந்துட்டனுங்க. ஓடிப் போய்த் தொறங்க. என்னைய அப்பறமா வைங்க." எதிர்முனையில் போன் கீழே விழுந்த சத்தமும், ஓடுகிற காலடிச் சத்தமும் கேட்டது. அவ்வளவுதான். என் கணவர் வண்டியைத் திருப்பினார்.

திரும்பிப் போன அந்த இருபது நிமிடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. போய் இறங்கினோம். கேட்டில் பிரபுவின் அம்மா நின்றுகொண்டிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"சாமி, தப்புப் பண்ணிட்டனுங்க" என்று வாசர் கையெடுத்தார்.

"செருப்பக் கழட்டுங்க" என்றார் அந்த அம்மா. எனக்கு ஒரு நிமிடம் எதற்கென்று புரியவில்லை. "அந்த மருந்துத் தண்ணியில கால நனைங்க. கோழிக்கு நோவு வந்துரும்னு வெளியாளுகள நாங்க உள்ள உடறதில்ல. நீங்க வந்து உங்க கண்ணால பாக்கோணும்."

வாசர் காலை நனைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஷெட்டுக்குள் போனார். நாங்கள் வாசலோடு நின்று எட்டிப் பார்த்தோம். வரிசை வரிசையாகக் கூண்டுகள். வால்வைத் திறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. கோழிகள் இன்னும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் எல்லாம் உயிரோடு நின்று கழுத்தை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. கூண்டுக்கு மேலே ஓடும் குழாயில் சின்னச் சின்னக் குமிழ்கள் தொங்கும். கோழி அலகால் முட்டினால் ஒரு சொட்டு இறங்கும். முட்டாவிட்டால் இறங்காது. ஷெட் முழுக்க டிக் டிக் டிக் என்று அந்தச் சத்தம்தான்.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவராகப் போன வாசர், மெதுவாகத் தலையைச் சாய்த்தார். குனிந்து முதல் வரிசைக்குக் கீழே தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. இரண்டாவது வரிசைக்குப் போனார். அங்கேயும் தடவினார். கடைசி வரிசை வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். நாமக்கல்லில் பிறந்தவர்தான். ஆனால் வாழ்நாளெல்லாம் வெளியூரில் போர் போட்டவர், பண்ணைக்குள் போனதே கிடையாது. திரும்பி வந்தபோது அவர் என்ன தப்புச் செய்தார் என்பது அவருக்கே மறந்து போயிருந்தது.

"ஏனுங்கம்மா! இத்தன கோழி குடிக்குது! ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுக் கீழ உழுகுலீங்களே! வேணுங்கறப்ப முட்டுது, குடிக்குது, தொட்டா வருது, உட்டா நிக்குது! இந்தக் கோழிக்கு இருக்கற ரோசனை எங்க தெருவுல ஒருத்தனுக்கும் இல்லீங்களே! யாருங்க இதப் போட்டது?"

அந்த அம்மா அவரையே பார்த்தபடி நின்றார். திட்டுவதற்கென்று உள்ளே கூட்டிப் போனவர். "எங்க ஊட்டுக்காரரு போட்டதுங்க. அவரே நின்னு ஒவ்வொண்ணா மாட்டுனாரு. மாட்டி முடிச்ச வருசமே போயிட்டாரு. இதுவரைக்கும் ஒருத்தரும் இத நின்னு பாத்து இப்பிடிச் சொன்னதில்லீங்க" என்றார்.

"தெய்வமுங்க அவரு" என்றார் வாசர். வேறொரு கூண்டுக்கு அடியில் போய் மறுபடி தரையைத் தடவினார். ஒரு கோழி அவர் தலையில் கொத்தியது. "ஆமா சாமி, வால்வத் தொறக்காதது என்ற தப்புத்தான்" என்று அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிரபு அம்மாவைப் பார்த்து மிரண்டு போனான். "அந்த ஜாயிண்ட்டு ஆறு மாசமா ஒழுகுதுங்க. இவங்கிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். ஊடு பாக்க வந்த எடத்துல சரி பண்ணிட்டுப் போயிருக்கறீங்களே, இந்தச் சம்பந்தி எங்க கெடைப்பாரு!" பிறகு தாரணியைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, "கல்யாணத்தன்னிக்கு மட்டும் இவர மண்டபத்து மோட்டார் ரூம்பு பக்கம் உட்டுராத அம்மிணி" என்றார்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. பத்திரிகையில் அவருடைய உண்மையான பெயரைப் பார்த்துவிட்டுத் தெருவில் பாதிப் பேர் இது யார் வீட்டுக் கல்யாணம் என்று எங்களிடம் வந்து கேட்டார்கள்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் வாசர் பஸ் ஏறிச் சம்பந்தி வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு இப்படி வாரா வாரம் போகக் கூடாது, ஊர் சிரிக்கும் என்று சரோஜா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பாப்பாவப் பாக்கவா போறேன்? லைனப் பாக்கப் போறேன்" என்பார் வாசர். முதல் வாரம் இரண்டு இடத்தில் டேப் சுற்றினார். அடுத்த வாரம் ஒரு வால்வு மாற்றினார். அதற்கடுத்த வாரம் சமையலறை, கொல்லைப்பக்கம், மாட்டுத் தொட்டி எல்லாம் முடிந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும்போது அவர் பஸ் ஸ்டாப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் வாடிக் கிடந்தது. "என்னங்க, அங்க ஏதாவது பெரிய லீக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஒழுகுலீங்க டீச்சர். ஊடு பூராப் பாத்துட்டேன். ஒரு எடத்துல ஒரு சொட்டு ஒழுகுல." சட்டைப் பையில் இருந்த வாசர்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "இனி என்னன்னு சொல்லீட்டு அங்க போறதுன்னு தெரியலீங்க."

நான் வீட்டுக்கு வந்ததும் தாரணிக்குப் போன் போட்டு இதை மட்டும் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை வாசர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். "டீச்சர்! பாப்பா ஊட்டுச் சமையக்கட்டுக் குழாய் சொட்டுதாமுங்க! நாந்தான் புது வாசர் போட்டேன், எப்பிடிச் சொட்டுதுன்னே தெரியலீங்க! நாளைக்குப் போவோணும்!" அந்தக் குழாய் அன்றிலிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை தவறாமல் சொட்டுகிறது. கம்பெனிக்காரன் வாசரைச் சரியாகச் செய்வதில்லை என்று அவர் ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறார். தாரணி அவர் பெற்ற பெண். ஒரு வாசரைக் கழற்றித் தளர்த்தி மாட்ட அவளுக்கா தெரியாது? அப்பா வருகிற வரைக்கும் அடியில் ஒரு குண்டா வைத்து, சொட்டுகிற தண்ணீரையெல்லாம் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாளாம்.